மந்திரி குனிந்த தசமி

என் வீட்டுக்காரர் பத்மலோசன் மராசினி ஐந்து முறை மந்திரியாக இருந்தவர். ஐந்தையும் கூட்டினால் இருபத்தொரு மாதம் வரும். கல்யாணத்தின்போது என் அப்பா கொடுத்த எருமை அதைவிட நாலு மடங்கு காலம் எங்கள் வீட்டில் இருந்தது, பாலும் கொடுத்தது. இதைச் சொன்னால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும். அதனால்தான் ஆட்கள் இருக்கும்போது சொல்கிறேன்.

முதல் தடவை வனத்துறையில் உதவி மந்திரி. அறை வாசலில் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டு ஆள் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் ஆட்சி கவிழ்ந்தது என்று நான் சொல்வேன். மூன்று மாதம் இருந்தேன் என்று அவர் சொல்வார். இரண்டாவது தடவை குடிநீர். போன மந்திரி அரசாங்க வீட்டைக் காலி செய்ய மறுத்துவிட்டதால் காத்மாண்டுவில் வாடகை வீட்டில்தான் இருந்தோம். அந்த ஐந்து மாதமும் அந்த வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது. குடிநீர் மந்திரியின் பெண்டாட்டி குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. மூன்றாவது தடவை, இலாகா இல்லாத மந்திரி.

"இலாகா இல்லன்னா காலைல எழுந்து எங்கங்க போவீங்க?" என்று கேட்டேன்.

"கார்ல போவேன்" என்றார்.

உண்மையில் அவருக்கு அது போதும். கொடி கட்டிய காரின் பின் சீட்டில் உட்கார்ந்தால் அவர் முகத்தில் ஒரு களை வரும், பாருங்கள், மாப்பிள்ளை ஊர்வலத்தில்கூட அதை நான் பார்க்கவில்லை. மலை மேல் சிமல்டாண்டாவில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆள். ராஜாவின் ஆட்சி நடந்த காலத்தில், தடை செய்யப்பட்ட கட்சியின் துண்டுச்சீட்டுகளைக் கடைத்தெருவில் போட்டுவிட்டுத் தப்பி ஓடியவர், மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பிப் போய்ப் பிடிபட்டார். பதினொரு நாள் உள்ளே இருந்தார். முதல் தேர்தல் கூட்டத்தில் அது பதினொரு மாதம் ஆனது. இப்போதெல்லாம் "என் இளமையையே சிறையில் தொலைத்தவன் நான்" என்கிறார். அந்த இளமையில் எனக்கு இரண்டு பெண்கள் பிறந்தது எப்படி என்று கூட்டத்தில் எவனும் கேட்டதில்லை.

கட்சி மூன்று முறை உடைந்தது. உடையும்போதெல்லாம் எந்தத் துண்டு பெரியதோ அதில் இவர் இருந்தார். கொள்கை என்று நீட்டி முழக்குவார். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. எல்லாரும் செய்வதைத்தான் இவரும் செய்தார், கொஞ்சம் சாமர்த்தியமாகச் செய்தார். வருத்தமெல்லாம் உமாகாந்த் விஷயத்தில்தான்.

உமாகாந்த் ஞவாலி அவருடைய அக்கா மகன். தேவிசரா அக்கா புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஆறு வயது. அக்காவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் அவனை வளர்த்தது நான். எங்கள் சாதியில் அக்கா தங்கை பிள்ளை என்றால் சாமிக்குச் சமம். தாய்மாமனும் மாமியும்தான் அவன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும், அவன் தொட்டிலில் கிடந்தாலும் சரி. அவனை அழவிட்டால் ஏழு பிறவிக்கும் பாவம். சாமியை வீட்டில் வைத்து வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைக் கேளுங்கள். அடுப்படியில் வெல்லம் திருடியதற்குக் காலையில் முதுகில் இரண்டு வைப்பேன். அன்று தசைன் பண்டிகையின் தசமியாக இருந்தால் மத்தியானம் அவன் காலிலேயே விழுவேன். அந்தப் பயல் இளித்துக்கொண்டு நிற்பான்.

என் பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி ஒருத்தி புட்வலுக்கும் ஒருத்தி ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். உமாகாந்த் போகவில்லை. கடைத்தெருவுக்குக் கீழே வீடு கட்டிக்கொண்டு மாமாவின் அரசியலைத் தோளில் தூக்கிச் சுமந்தான். ஒவ்வொரு தேர்தலிலும் முப்பது மலைக் கிராமங்களுக்கு நடந்தே போவான். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பையன் கத்தாரிலிருந்து பெட்டியில் வந்தான் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். மந்திரிக்கு அந்த ஊர்களின் பெயரே தெரியாது. மேடையில் உமாகாந்த் பின்னால் நின்று காதில் சொல்வான், இவர் ஒலிபெருக்கியில் உருகுவார்.

மூன்று தசமிகளில், அவன் நெற்றியில் பொட்டாக அட்சதை வைத்த கையோடு, "அடுத்த தடவை டிக்கெட் உனக்குத்தான்" என்றார் இவர். மூன்று தேர்தலிலும் இவரே நின்றார். மாகாண சபைக்காவது கொடுப்பார் என்று பார்த்தால் அதையும் ஒரு காண்ட்ராக்டருக்குக் கொடுத்தார். அன்று உமாகாந்த் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். கையைக் கழுவிவிட்டு, "மாமி, நான் அந்தப் பக்கம் போறேன்" என்றான்.

"எந்தப் பக்கம்?"

"எதிர்க்கட்சி டிக்கெட் தர்றாங்க. மாமாவுக்கு எதிரா."

"போடா. ஆனா சாப்பாட்டுக்கு இங்க வா" என்றேன். வேறென்ன சொல்ல? அவன் செய்தது நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். தொகுதி எவனிடம் வேண்டுமானாலும் போகட்டும், இந்த வீட்டுக்கும் அவனுக்கும் உள்ள ஒட்டு அறுந்துவிடக் கூடாது. நான் கும்பிட்ட தெய்வத்திடமெல்லாம் அதைத்தான் கேட்டேன்.

அந்த வருடம் தசைன் முடிந்து ஆறாவது வாரம் தேர்தல். தசமியன்று தாய்மாமன் வீட்டுக்கு வந்து அட்சதை வாங்காமல் யாரும் இருக்க மாட்டார்கள். உமாகாந்த் வந்தால் மந்திரி அவன் காலில் விழ வேண்டும். எதிர்க்கட்சி வேட்பாளர் காலில். கடைத்தெருவில் இதைத் தவிர வேறு பேச்சில்லை.

கட்சியின் மாவட்டச் செயலாளர் ஹிக்மத் வந்து நின்றான். தலையில் டாக்கா தொப்பி, கையில் எப்போதும் இரண்டு போன்.

"மந்திரிஜி, பேசாம காத்மாண்டு போயிடுங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

"போனா என்ன சொல்லுவானுங்க?"

"பயந்து ஓடிட்டாருன்னு சொல்லுவானுங்க."

"இருந்தா?"

"எதிரி கால்ல விழுந்தாருன்னு போட்டோ போடுவானுங்க. அவன் பன்னெண்டு பேரோட வரப்போறானாம். ரெண்டு பேருக்கு வீடியோ எடுக்கறதுதான் வேலையாம்."

"விழாம விட்டா?"

ஹிக்மத் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அக்கா பிள்ளைய அவமதிச்ச மாமன்னு மலை முழுக்கக் காறித் துப்பும். டெபாசிட் போயிடும்."

என் வீட்டுக்காரர் மோவாயைச் சொறிந்தார். அவர் மோவாயைச் சொறிந்தால் ஏதோ வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதற்கடுத்த நாளிலிருந்து நொண்ட ஆரம்பித்தார். தேநீர்க் கடை வரைக்கும் போவார், வழியில் இரண்டு இடத்தில் உட்கார்வார், "முட்டி வலி, வயசாயிடுச்சில்ல" என்பார். அதே வாரத்தில் அவர் கூரை மேல் ஏறி டிவி குடையைத் திருப்பி வைத்ததை நான் முற்றத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அந்த முட்டி கூரை மேல வலிக்காதா?"

"நீ அரசியல் பேசாத, துளசா" என்றார்.

தசமியன்று காலையில் வழக்கமாக உள்ளறையில் விரிக்கும் வைக்கோல் பாயை எடுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் போட்டார். உள்ளே இடம் பத்தாது என்றார். அது நிஜம். ஆனால் போட்டதும் நாலடி தள்ளி நின்று பார்த்தார், பிறகு பாயை வெயில் பக்கம் இழுத்துவிட்டார். புதுக் கோட்டு பெட்டியில் மடித்தபடி இருக்க, முழங்கை தேய்ந்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் அட்சதைக்காக அரிசியில் தயிரும் சிவப்புப் பொடியும் பிசைந்துகொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை.

உமாகாந்த் பன்னிரண்டு பேரோடு வந்தான். புதுத் தொப்பி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் பழையபடி ஆனது, பிறகு தேர்தல் முகத்தை மாட்டிக்கொண்டான். அவன் ஆட்கள் போனை நீட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். ஹிக்மத்தின் ஆட்கள் அவர்களைச் சுற்றி நின்றார்கள். என் மூத்த பெண் சேல் ரொட்டித் தட்டோடு வந்து, வைக்க இடமில்லாமல் திரும்பிப் போனாள்.

மாமன் மருமகன் நெற்றியில் அட்சதையை அப்பினார், காதில் மஞ்சள் முளைப்பயிரைச் செருகினார். இனி ஆசீர்வாதம். எதிரியை ஆசீர்வதிக்க மாமன் என்ன வார்த்தை சொல்வார் என்று முற்றமே காதைத் தீட்டியது.

"நினைச்சதெல்லாம் நடக்கட்டும். ஜெயிச்சு வா" என்றார் மந்திரி.

ஹிக்மத் கண்ணை மூடிக்கொண்டான். யாரோ சிரித்தார்கள். அவர் சொல்லி எது நடந்தது என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு குனிந்தார். "இருக்கட்டும் மாமா, வேணாம்" என்று உமாகாந்த் காலை இழுக்கப் பார்த்தான். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நெற்றியைக் கொண்டுபோய் அவன் பாதத்தில் வைத்தார். வழக்கமாக லேசாகத் தொட்டுவிட்டு நிமிர்வோம். இவர் நிமிரவில்லை. நிதானமாக இருபது எண்ணியிருக்கலாம். தொப்பி கழன்று உருண்டது, வழுக்கைத் தலை வெயிலில் மின்னியது, தோள் குலுங்கியது.

உமாகாந்த் உடைந்துவிட்டான். நாற்பத்தெட்டு வயது ஆள், எதிர்க்கட்சி வேட்பாளர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு "எந்திரிங்க மாமா, எந்திரிங்க" என்று கெஞ்சினான். அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, முட்டியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டான். சாப்பிடாமலே போய்விட்டான்.

இதற்கப்புறம் அவன் ஆட்கள் செய்ததுதான் இந்த மலையில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். எதிரி நம் வேட்பாளர் காலில் கிடக்கிறான் என்று குதித்துக்கொண்டு அந்த வீடியோவை அவர்களே ஊரெல்லாம் அனுப்பினார்கள். சாயந்திரத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்கள். "பாவம் மனுஷன், இவ்வளவு பெரிய மந்திரி, முறைய விட்டுக்கொடுக்கலையே." "முட்டி வலியோட விழுந்திருக்காரே." "மாமனை இப்படி விழவெச்சு வீடியோ எடுத்திருக்கானே, இவனெல்லாம் ஒரு பிள்ளையா?" உமாகாந்த் நடந்து நடந்து சம்பாதித்து வைத்திருந்த முப்பது கிராமங்களும் ஒரே வாரத்தில் மாமன் பக்கம் சாய்ந்தன. நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் என் வீட்டுக்காரர் ஜெயித்தார்.

வெற்றி விருந்தில் கிடா வெட்டினார்கள். ஹிக்மத் நாலு தம்ளர் உள்ளே போனதும் கடைத்தெரு நடுவில் நின்று பேச ஆரம்பித்தான்.

"மந்திரிஜி மூளை யாருக்கு வரும்? பாய முற்றத்துல போட்டப்பவே நான் புரிஞ்சுக்கிட்டேன். பழைய கோட்டு என்ன, நொண்டி நடந்தது என்ன... அந்தப் பயலுக்குக் கடைசிவரைக்கும் தெரியல பாருங்க."

உமாகாந்தின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அவன் ஜன்னல் சாத்தப்பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நான் கொடுத்தனுப்பிய கறி அப்படியே திரும்பி வந்தது.

இவர் ஐந்தாவது தடவையாக மந்திரி ஆனார். இந்தத் தடவை நிலச் சீர்திருத்தம். எங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் இருக்கும் வரப்புத் தகராறே முப்பது வருடமாகத் தீரவில்லை. ஏழு மாதம் ஓடியது. அடுத்த தசைனுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, வழக்கம்போல ஒரு கூட்டணிக் கட்சி கோபித்துக்கொண்டு போய், ஆட்சி கவிழ்ந்தது. வாடகை ஜீப்பில் ஊர் வந்து சேர்ந்தோம். மந்திரியாக இருக்கும் வருடத்தில் அட்சதை வாங்க வரும் கூட்டம் சாலை வரைக்கும் நிற்கும். இந்த வருடம் வாசல் வரைக்கும்கூட வரவில்லை. ஹிக்மத்தே வந்து பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டான், வேறு இடம் போகணுமாம்.

தசமியன்று இவர் பாயில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு நெற்றிக்கும் அட்சதை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். "வந்தானா?" நான் தலையை ஆட்டுவேன். மத்தியானம் அட்சதை காய்ந்தது, மறுபடி தயிர் விட்டுப் பிசைந்தேன். "வந்தானா?" சாயங்காலம் அதைக் கேட்பதையும் நிறுத்திவிட்டார். மறுநாளும் பாயைச் சுருட்டவிடவில்லை. பௌர்ணமி வரைக்கும் அட்சதை வைக்கலாம் என்பது எங்கள் வழக்கம். நாலு நாள் அந்தப் பாய் அங்கேயே கிடந்தது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, நல்லா வேணும் என்றும் இருந்தது.

பௌர்ணமியன்று காலையில் நான் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"எங்க?" என்றார்.

"உங்க எதிர்க்கட்சிக்கு."

உமாகாந்த் வீட்டு வாசலில் உட்கார்ந்து சோளம் உரித்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். இளைத்திருந்தான். நான் எதுவும் கேட்காமல் நெற்றியில் அட்சதையை வைத்தேன். குனியப் போனேன்.

"மாமி, நில்லுங்க" என்றான். "ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லுங்க. மாமா அன்னிக்கு விழுந்தது முறைக்காகவா, ஓட்டுக்காகவா?"

அரசியல்வாதி பெண்டாட்டியாக நாற்பத்தேழு வருடம் இருந்தவளுக்குப் பொய் சொல்லத் தெரியாதா? நாக்கு வரை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"ஓட்டுக்காகத்தான்டா" என்றேன்.

அவன் சோளக் கதிரைக் கீழே வைத்தான். "தெரியும். நீங்க சொல்லிக் கேக்கணும்னு இருந்தது."

நான் குனிந்து அவன் காலைத் தொட்டேன். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. "இப்ப நீங்க எதுக்கு விழுறீங்க?" என்றான்.

"இப்ப எந்த எலெக்ஷனும் இல்லடா" என்றேன்.

அப்படியே உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன், வெட்கப்பட என்ன இருக்கிறது? பிறகு அவனோடு சேர்ந்து சோளம் உரித்தேன், அவன் பெண்டாட்டி பருப்பும் சோறும் போட்டாள், சாப்பிட்டேன். கிளம்பும்போது, "நீங்க வாங்க மாமி. நானும் உங்களைப் பாக்க வருவேன், அவரு இல்லாதப்ப" என்றான்.

நான் மேலே வந்தபோது என் வீட்டுக்காரர் பாய் மேலேயே உட்கார்ந்திருந்தார். தட்டைத்தான் முதலில் பார்த்தார். அட்சதை குறைந்திருந்தது.

"வாங்கிக்கிட்டானா?"

"வாங்கிக்கிட்டான்."

"என்னைப் பத்தி ஏதாவது?"

"கேட்டான். முறைக்கா ஓட்டுக்கான்னு. ஓட்டுக்குத்தான்னு சொல்லிட்டேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பாயிலிருந்து ஒரு வைக்கோலைப் பிய்த்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"குனியும்போது ஓட்டுக்குத்தான் குனிஞ்சேன், துளசா. அத மறைக்கல" என்றார். "தலைய வெச்சதும் அக்கா ஞாபகம் வந்துடுச்சு. இவனை மூணு தடவை ஏமாத்துனது ஞாபகம் வந்துடுச்சு. அப்புறம் எந்திரிக்க முடியல. முட்டியெல்லாம் ஒண்ணுமில்ல. மனசு வரல."

"இத அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க. அரை மணி நேரம்கூட ஆகாது."

"நான் சொன்னா நம்புவானா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை, அவனுக்கு எப்படி வரும்?